குணமாகிவிட்ட ஒருவர்

"பாம்பு," என்றார் லேப் டாக்டர்.

மாப்பிள்ளை சட்டென்று இரண்டு கால்களையும் தூக்கி ஸ்டூல் கம்பிமேல் வைத்துக்கொண்டான்.

"காலைக் கீழ விடுங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை, திரும்பிக்கூடப் பார்க்காமல். "டாக்டர் கிருமியைப் பத்திச் சொல்றாங்க."

"நான் ரத்த ஓட்டத்துக்காகத் தூக்கினேன் அத்தை."

லேப் டாக்டர் சிரிக்கவில்லை. சரியாகத் தூங்கி இரண்டு மூன்று நாளாகியிருக்கும் அந்த அம்மாளுக்கு. மூடி போட்ட கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே மிளகைத் தூவினாற்போலக் கறுப்புப் பொட்டுகள்.

"பாம்பு, பல்லி, ஓணான்... இதுங்க குடல்ல குடியிருக்கற கிருமி. நமக்கு வந்தா வயித்தால போகும், அதோட சரி. கிட்னி போனவங்க உடம்பு காவல் இல்லாத வீடு. ரத்தத்துல ஏறி, இதயத்தைச் சுத்தி இருக்கற பையில போய் உக்காந்துக்குது. பை பூரா சீழ். இதயம் விரிய இடமில்லாம நசுங்குது. என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல. இப்ப அடுத்தடுத்து ரெண்டு."

ஒன்று, ஓய்வுபெற்ற தபால்காரர். செத்துப்போனார். இன்னொன்று, மாடியில் நெஞ்சில் குழாயோடு கிடக்கிற தையல் மாஸ்டர். இருவரும் ஒரே டயாலிசிஸ் சென்டரில், ஒரே காலை ஷிஃப்டில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். தபால்காரரின் மகன்கள் வந்து சென்டர் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனதும், நிர்வாகம் அவசர அவசரமாக ஒரு ஆளைக் கைகாட்டியது. ஹெட் நர்ஸ். அவள் கை கழுவவில்லையாம், குழாயைச் சுத்தம் செய்யவில்லையாம். வேலை போய், போலீஸ் விசாரணையும் வாசலுக்கு வந்த பிறகு அந்த நர்ஸ் அத்தையின் காலைப் பிடிக்காத குறையாக அழுதிருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அத்தைக்குத் துப்பறிவது புதிதல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வுபெற்றதும் வீட்டு முன்னறையில் போர்டு மாட்டிவிட்டார். மாப்பிள்ளை ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்பாக இருந்தவன். கம்பெனி படுத்தது. "அம்மாவுக்கு வண்டி ஓட்ட ஆளில்லை" என்று மனைவி சொன்னாள். மாமியாரிடம் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவன்தான் என்று அவனே ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்வான்.

"மெஷின் வழியா வந்திருக்குமா?" அத்தை கேட்டார்.

"தண்ணி, குழாய், நர்ஸோட கை எல்லாத்துலயும் தேடிட்டேன். இல்ல. இது வாய் வழியாப் போன கிருமி."

"யாருங்க பாம்பைச் சாப்பிடுவாங்க?" என்றான் மாப்பிள்ளை.

"பாம்புன்னு தெரிஞ்சா சாப்பிட்டிருப்பாங்க?" என்று எழுந்தார் அத்தை.

மாடியில் தையல் மாஸ்டர் படுக்கவில்லை. முன்னால் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். மல்லாந்தால் நெஞ்சில் கத்தி. குனிந்தால்தான் கொஞ்சம் தேவலையாம். அத்தை அவர் காதருகே போய்க் கேட்டார்: "மாஸ்டர், வெளியில ஏதாவது மருந்து வாங்கிச் சாப்பிட்டீங்களா?"

அவர் கண்கள் ஒரு கணம் அத்தையைப் பார்த்தன. அப்புறம் சுவரைப் பார்த்தன. இல்லை என்று தலை ஆடியது.

படியிறங்கும்போது மாப்பிள்ளை சொன்னான்: "பொய் சொல்றார் அத்தை."

"பொய் இல்ல. பயம். பொய் சொல்றவங்க நம்ம மூஞ்சியைப் பார்த்துச் சொல்வாங்க. வண்டியை எடுங்க."

தையல் மாஸ்டரின் வீட்டில் பாதி இடத்தை மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மாஸ்டரின் மனைவி.

"வெளி மருந்தா? சத்தியமா இல்லம்மா. டாக்டர் எழுதினது மட்டும்தான். ஒரே ஒரு திருட்டுத்தனம் உண்டு. தண்ணி." அந்த அம்மாள் ஜன்னலோரமிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. "கிட்னி வேலை செய்யாததால ஒரு நாளைக்கு இதுதான் அவருக்கு அளவு. காலையில நான் ரொப்பி வைப்பேன். முன்னல்லாம் ராத்திரி மாத்திரை வரைக்கும் வரும். இப்பக் கொஞ்ச நாளா சாயங்காலமே காலி. அப்புறம் நாக்கு வறண்டு உக்காந்திருப்பார். குடிச்சுத் தீர்த்துட்டு நாடகமா போடறேன்னு கத்தினேன். வாயில வந்ததையெல்லாம் பேசிட்டேன்மா அந்த மனுஷனை."

"அழாதீங்க. திருடிக் குடிக்கறவர் எதுக்கு அளவு பாட்டில்லருந்து குடிக்கணும்? குழாய் அதோ இருக்கே."

"அதானே!" என்றான் மாப்பிள்ளை. "திருடறவன் தன் தட்டுலருந்தா திருடுவான்? ஃப்ரிட்ஜுலருந்துல்ல திருடுவான். அனுபவத்துல சொல்றேன்."

"தெரியும். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்தானே." அத்தை அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் நேர்மையான மனுஷன். பாட்டிலுக்கு வெளிய ஒரு சொட்டு தொடல. ஆனா புதுசா எதையோ முழுங்கியிருக்கார். அதுக்கான தண்ணியையும் தன் அளவுலருந்தே எடுத்திருக்கார். தாகத்தோட உக்காந்திருந்தது அதனாலதான்."

அந்த அம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

அத்தை போய் தையல் ஸ்டூலில் உட்கார்ந்தார். நடமாடத் தெம்பில்லாத ஒரு மனிதன் எதையாவது ஒளித்து வைக்க வேண்டுமென்றால் கை எட்டும் தூரத்தில்தான் வைப்பான். கை எட்டியது: கத்தரிக்கோல், நூல்கண்டு, பாபின், ஒரு தகர டப்பா. டப்பாவை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

அவன் விரலால் துழாவினான். "ரெண்டு ஓட்டை பட்டன்... நாலு ஓட்டை பட்டன்..." கை நின்றது. "அத்தை, ஓட்டையே இல்லாத பட்டன்."

உள்ளங்கையில் பழுப்பு நிறக் கேப்சூல்கள். ஒன்றைக் காகிதத்தின்மேல் பிரித்தார் அத்தை. காய்ந்த இறைச்சியின் வாடை. பொடிக்கு நடுவே மெல்லியதாய், பளபளப்பாய், நகத்துணுக்கு மாதிரி ஏதோ. நகமில்லை. செதில்.

மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டான். முகத்தைத் திருப்பியவன் கண்ணில் ஆணியில் தொங்கிய பேண்ட் பட்டது. தைத்து முடித்து இஸ்திரியும் போட்டது. "இது என்ன, பெல்ட் மாட்டற பட்டியையெல்லாம் பிரிச்சிருக்கு? உள்பக்கம் பட்டன் வேற. சர்க்கஸ்காரங்க தோள்ல வார் மாட்டுவாங்களே, அது மாதிரி."

"அது பேரிங் தம்பியோடதுங்க," என்றார் அந்த அம்மாள். முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம். "வண்டி ஸ்பேர்பார்ட்ஸ் கடை வச்சிருக்கார். இவரோட கூடத்தான் டயாலிசிஸ் பண்ணிட்டிருந்தார். திடீர்னு ஊர்லயே இல்ல. நாலைஞ்சு மாசம் கழிச்சு வர்றார், கல்லு மாதிரி! குணமாயிட்டாராம், மெஷினே வேணாமாம். ஏதோ மருந்துன்னு சொன்னாங்க. இவருக்கு அவர்னா உசிரு. பெல்ட் போட்டா வயித்துல அழுத்துதுன்னார்னு கூலியே வாங்காம இப்படி மாத்தித் தைச்சுக் குடுக்கறார்."

அத்தை பேண்டின் இடுப்புப் பட்டையை விரலால் நீவிப் பார்த்தார்.

அப்போதுதான் ஹெட் நர்ஸிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டான். "அம்மா, என் ஷிஃப்ட்ல கணக்கு டீச்சர்னு ஒரு பொண்ணு. போன ரெண்டு தடவையா டயாலிசிஸுக்கு வரலையாம். காய்ச்சல், நெஞ்சுவலின்னு தங்கச்சிக்காரி எனக்குப் போன் பண்ணி அழறா. ஆம்புலன்ஸ் அனுப்பினேன், ஏறமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா. 'பேரிங் அண்ணன் குணமானார்ல, நானும் குணமாவேன்'னு ஒரே பிடிவாதம். ரெண்டு டயாலிசிஸ் விட்டிருக்கா அம்மா. நெஞ்சுல சீழ் வேற கட்டியிருந்தா பொழுது சாயறவரைக்குமே தாங்காது."

அத்தை கேப்சூல்களைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே நடந்தார். "முதல்ல பேரிங்."

கடை முழுக்க கிரீஸ் வாடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மாஸ்க் போட்டு, வாடிக்கையாளரிடமிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தார் பேரிங். தோளில் வார். முழுநிலா மாதிரி உப்பிய முகம். ஒரு மெக்கானிக்குக்கு இரும்புக் குண்டுகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை வெடவெடவென்று நடுங்க, குண்டுகள் சிதறிக் கடையெங்கும் ஓடின. மாப்பிள்ளை நாலு காலில் தவழ்ந்து பொறுக்கினான்.

"மாமியார் முன்னால மண்டி போடறது எனக்குப் பழக்கம்தாங்க," என்று குண்டுகளை நீட்டினான். மெக்கானிக் போனதும் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இவங்களுக்கும் கிட்னி போச்சு. நீங்க சாப்பிட்ட மருந்து எங்க கிடைக்கும்?"

கொள்ளைக்காரன் இப்போது விலை சொல்வான் என்று காத்திருந்தான். பேரிங் சொன்னது வேறு.

"வேணாம்மா." அவர் எழுந்தே விட்டார். "அந்தப் பேச்சே வேணாம். டாக்டர் சொல்றபடி கேளுங்க. மெஷினை மட்டும் விட்டுடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். சரக்கை வாங்காதே என்று கெஞ்சுகிற வியாபாரியை அவன் தன் தொழிலில் கண்டதில்லை.

மேஜையில் போன் அலாரம் அடித்தது. பேரிங் டிராயரிலிருந்து மாத்திரைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். அத்தை அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"குணமானவருக்கு எதுக்குத் தம்பி அலாரம் வச்சு மாத்திரை?"

"அது... சத்து மாத்திரை."

"சத்து மாத்திரையை அஞ்சு நிமிஷம் தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆகாது. கை நடுங்காது, முகம் உப்பாது. ஆள் பக்கத்துல வந்தா பயந்து மாஸ்க் போடவும் வேணாம். எல்லாத்துக்கும் மேல, பெல்ட் எங்க அழுத்துதுன்னு நான் மாஸ்டர் வீட்டுல பேண்டைத் தொட்டுப் பார்த்தேன். வயித்துல இல்ல. வலது பக்கம், அடியில. அங்க மட்டும் துணியைத் தளர்த்தித் தைச்சிருக்கார் அந்த மனுஷன், ஏன்னு தெரியாமலே." அத்தை கண்ணாடித் தடுப்பைச் சுற்றி உள்ளே வந்தார். "டாக்டர்கள் பழைய கிட்னியை எடுக்கறதில்ல. புதுசை அடிவயித்துல வைப்பாங்க. உங்க உடம்புல இப்ப மொத்தம் மூணு; புதுசை உடம்பு தள்ளிடாம இருக்கத்தான் அந்த மாத்திரை. யார் குடுத்தது?"

பேரிங் வாசலுக்குப் போனார். ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு அந்த அரையிருட்டில் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எங்க அக்கா."

"அதை ஏங்க மறைக்கணும்?" என்றான் மாப்பிள்ளை.

"அவ மாமியார் ஒத்துக்கல. 'எங்க வீட்டு மருமக உடம்புல கத்தி பட்டா அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க வேணாம்'னு சொல்லிட்டாங்க. மாமா நல்லவர். அவர் மட்டும் கையெழுத்துப் போட்டார். வெளியூர்ல போய்ப் பண்ணிக்கிட்டோம். அக்காவுக்குப் பித்தப்பையில கல்லுன்னு அந்த வீட்டுல சொல்லி வச்சிருக்கோம். நான் திரும்பி வந்தா எல்லாரும் எப்படி, எப்படின்னு பிச்சு எடுக்கறாங்க. ஆபரேஷன்னு சொன்னா கிட்னி யாருதுன்னு அடுத்த கேள்வி வரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் மேஜை போட்டு ஏதோ பொடி விப்பான். வாய்க்கு வந்தபடி, அவன்கிட்ட வாங்கிச் சாப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

"அவன் விட்டிருக்க மாட்டானே."

"என் பேரைச் சொல்லியே விக்க ஆரம்பிச்சான். வெளிய சொன்னா பலிக்காதுன்னு வாங்கறவங்ககிட்ட சத்தியம் வேற. எலும்புப் பொடியோ என்னமோ, போனாப் போகுது, உசிருக்கு என்ன ஆகிடப் போகுதுன்னு இருந்துட்டேம்மா."

அத்தை காகிதத்தைப் பிரித்துச் செதிலைக் காட்டினார். தபால்காரர் எப்படிச் செத்தார், தையல் மாஸ்டர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், கணக்கு டீச்சர் எதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பேரிங்கைக் கொன்றது.

"வண்டியில ஏறுங்க," என்றார் கடைசியில்.

"வர்றேன். அந்த மருந்து பொய்னு சொல்றேன். அக்கா பேரை மட்டும் கேக்காதீங்க. அவளுக்கு அந்த வீட்டை விட்டாப் போக்கிடம் இல்ல."

காரின் பின்சீட்டில் அவர் வழியெல்லாம் அக்காவின் நம்பரை அழுத்துவதும் துண்டிப்பதுமாக இருந்தார். மாப்பிள்ளை கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே, சிவப்பு விளக்குகளைக் கெஞ்சிக் கெஞ்சி, ஓட்டினான்.

டீச்சரின் வீடு மூன்றாவது மாடி. தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே சாப்பாட்டு மேஜைமேல் கைகளை மடித்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள் டீச்சர். கால்கள் வீங்கி மினுமினுத்தன. கழுத்து நரம்புகள் கயிறாய்ப் புடைத்திருந்தன. மாஸ்டர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவனுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை வெளியே வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"பேரிங் அண்ணா?" அவள் தலையைத் தூக்கினாள். சிரிக்கப் பார்த்தாள். "பாருங்க, நானும் மெஷினை விட்டுட்டேன்."

"அம்மா, அது பொய்ம்மா. அந்த மருந்துல நான் குணமாகல."

சிரிப்பு போய்விட்டது. "சென்டர்காரங்க மிரட்டினாங்களா?"

"இல்லம்மா, நான்..."

"அப்ப எதுல குணமானீங்க?" மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டாள். "நீங்க எதிர்ல நிக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்க. ஒரே ஒரு ஆள் குணமானாலும் அது சாட்சிதானே? எனக்கு முப்பத்திரண்டு வயசு அண்ணா. வாரம் பூரா அந்த நாற்காலிதான் என் வாழ்க்கை. அந்த நாற்காலியில மறுபடி உக்கார வைக்கத்தான் எல்லாரும் வர்றீங்க. போயிடுங்க."

தங்கை அழுதாள். டீச்சரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று மாப்பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தான். டீச்சர் மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அத்தை அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பேரிங்கையே பார்த்தார்.

பேரிங் போனை எடுத்தார். இம்முறை துண்டிக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"என்னடா இந்நேரத்துல?" பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்குரல். "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்க்கா. அக்கா, நான் மருந்துல குணமானேன்னு சொன்னேன்ல. அதை நம்பி ஒருத்தர் செத்துட்டார். என் முன்னால ஒரு பொண்ணு..." அவர் டீச்சரைப் பார்த்தார். "நிசத்தைச் சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவா. சொல்லட்டுமா?"

குழாய் மூடப்பட்டது. தூரத்தில் ஒரு முதிய பெண்குரல் அதட்டலாய்க் கேட்டது: "யாரு போன்ல?"

அக்கா, போனை வாயிலிருந்து விலக்கி, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"என் தம்பிதான், அத்தை. அவனுக்கு நான் கிட்னி குடுத்தேன்ல, அதை நாலு பேர்கிட்டச் சொல்லட்டுமான்னு கேக்கறான். சொல்லுடான்னு சொல்லிட்டிருக்கேன்."

ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "சட்டையைத் தூக்கிக் காட்டுடா அந்தப் பொண்ணுக்கு," என்றாள் அக்கா. "இங்க நான் பார்த்துக்கறேன்." இணைப்பு அறுந்தது.

பேரிங் வாரைக் கழற்றினார். சட்டையை உயர்த்தினார். வலது அடிவயிற்றில், வளைந்த நீளத் தழும்பு. அதன் கீழே ஒரு கைப்பிடி அளவுக்கு மேடு.

டீச்சர் வெகுநேரம் பார்த்தாள். கையை நீட்டி அந்த மேட்டை ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் அதே கையால், உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி, அவர் கன்னத்தில் அறைந்தாள். பெரிய அடியில்லை. பேரிங் அசையாமல் நின்றார்.

"எந்திரிக்க முடியல," என்றாள் டீச்சர். "பிடிங்க."

அவர் தோளைக் கொடுத்தார். மறுபக்கம் மாப்பிள்ளை. மூன்று மாடியும் அப்படியே இறங்கினார்கள்; ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அவளைக் குனிய வைத்து, மூச்சு வந்ததும் மறுபடி. கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் ஊசி போட்டு அவள் நெஞ்சுப் பையிலிருந்து எடுத்ததை லேப் டாக்டர் தானே வந்து வாங்கிக்கொண்டு போனார். பிழைப்பாளா என்று அத்தை கேட்டதற்கு, "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது" என்றார். பஸ் ஸ்டாண்டு மேஜைக்காரனைப் போலீஸ் தேடிப் போனபோது மேஜை மட்டும்தான் இருந்தது. அவன் யார், எங்கே அரைக்கிறான் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஆனால் அவன் விற்ற சரக்கு அவனோடு போகவில்லையே.

மறுநாள் காலை ஷிஃப்ட். உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்த அந்த ஹாலில் மெஷின்கள் கர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஹெட் நர்ஸ் சீருடை இல்லாமல் வாசலில் நின்றாள்; அவளை இன்னும் வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. பேரிங் உள்ளே நுழைந்ததும் எல்லா நாற்காலியிலும் முகங்கள் மலர்ந்தன. குணமானவர் வந்துவிட்டார்.

அவர் முதல் நாற்காலிக்குப் போனார். அதில் காய்கறிக் கடைக்கார அம்மாள், கையில் குத்திய இரண்டு ஊசிகளோடு.

"அம்மா, நான் உங்களுக்கெல்லாம் ஒரு பொய் சொல்லிட்டேன்," என்று சட்டையை உயர்த்தினார். "இது எங்க அக்கா குடுத்தது. மருந்து இல்ல. அந்த மருந்துலதான் தபால்காரர் போனார்."

அந்த அம்மாளின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. திட்டப் போகிறார் என்று மாப்பிள்ளை நினைத்தான். அவர் ஊசியில்லாத கையை நாற்காலியில் கிடந்த பையின் அடியில் விட்டுத் துழாவி, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, பேரிங்கின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஏற்கெனவே தலையணை உறைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்தவர் சட்டைப்பைக்குள்.

"மாப்பிள்ளை," என்றார் அத்தை தாழ்ந்த குரலில், "நர்ஸம்மாகிட்டக் கேட்டு ஒரு ட்ரே எடுத்துட்டு வாங்க. பெரிசா இருக்கட்டும்."